கண்ணாடிக்குள் கறுப்புக் கதவு

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு, வெளிச்சத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்வது என்றுதான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. சொன்னபிறகு பெரும்பாலும் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ரொறன்ரோவின் நகர மையத்தில், ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. இன்னும் கட்டாத வீட்டையும் இன்னும் வாங்காத சோபாவையும் புகைப்படம் எடுத்ததுபோலக் காட்டும் மென்பொருளை அங்கே எழுதுகிறோம். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்காகவும் மென்பொருள் ஒரு கதிரை அனுப்பும். அந்தக் கதிர் சுவரில் பட்டுத் தெறிக்கும், பிறகு தரையில், பிறகு மேசையில். கடைசியில் ஒரு விளக்கைக் கண்டுபிடித்தால் அந்தப் புள்ளிக்கு வெளிச்சம் வரும். கண்டுபிடிக்காவிட்டால் தேடிக்கொண்டே திரியும். யாராவது ஒருவர் "போதும், நில்" என்று சொல்லாவிட்டால் கணினி அந்த ஒரு கதிருடனேயே கிழடாகிவிடும். அப்படிச் சொல்லும் பகுதிதான் என்னுடையது.

கலியாணமான புதிதில் இதை என் கணவரின் அக்காவுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, விளக்கிப் பார்த்தேன். அவர் கடைசிவரை கவனமாகக் கேட்டார். பிறகு, மற்ற எல்லாருக்கும் வேலை செய்யத்தான் சம்பளம், உமக்கு மட்டும் வேலையை நிப்பாட்டுறதுக்குச் சம்பளமோ என்று கேட்டார்.

மச்சாள் ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருக்கிறார். கலியாண மணவறை சோடித்து அலங்கரிப்பதுதான் அவருடைய தொழில். வீட்டின் பேஸ்மென்ற் முழுக்கத் தூண்கள், பூமாலைகள், ரெஜிபோம் என்ற இலேசான வெள்ளை நுரை அட்டையில் செய்து தங்கநிறம் பூசிய யானைகள். கராஜில் கார் நின்றதாக எனக்கு ஞாபகமே இல்லை. மண்டபத்தின் வாசலில் நின்றுகொண்டே, மேடையில் எந்தப் பூ ஒரு விரல் சரிந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். அவர் ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதில்லை; அது நடக்கும் திகதியை மட்டும் அறிவிப்பார்.

சனிக்கிழமை காலை வாறன் என்று எனக்கு அறிவித்ததும் அப்படித்தான். வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்றுக்கு ஒரு கொப்பியோடு வந்தார். கொப்பியில் ஒரு மண்டபத்தின் மேடை அளவுகள் எல்லாம் அடி, அங்குலத்தில் எழுதியிருந்தன. மணமகள் இங்கே பிறந்த பிள்ளை. எங்கேயோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, மணவறையின் இரண்டு பக்கமும் எட்டடிக் கண்ணாடி வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கண்ணாடி. நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும். அவர்கள் கண்ணாடிக்குள் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கவேண்டும். மாப்பிள்ளையின் தாய்க்கு அதில் விருப்பமில்லை. மணவறையில் கண்ணாடி வைக்கிறதா என்று இழுத்திருக்கிறார். கண்ணால் பார்க்காமல் ஓம் சொல்லமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

"நீர்தானே இல்லாததை இருக்கிற மாதிரிக் காட்டுற ஆள்," என்றார் மச்சாள். "இதைக் காட்டும் பாப்பம்."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. குடும்பத்தில் ஒருவராவது என் தொழிலை நம்பி வந்திருக்கிறார். மேடை, தூண்கள், யானைகள், இரண்டு நாற்காலிகள், இரண்டு கண்ணாடிகள் எல்லாவற்றையும் கணினியில் நிறுத்தினேன். ஒரு கண்ணாடியின் ஓரத்தில் நின்று மற்றக் கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பார்வையை வைத்தேன். முக்கால் மணித்தியாலத்தில் படம் வந்தது. மணவறைக்குள் மணவறை, அதற்குள் இன்னொன்று, சிறிதாகிச் சிறிதாகி உள்ளே போனது. நான் நாற்காலியைச் சுழற்றி மச்சாளின் முகத்தைப் பார்த்தேன்.

மச்சாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார். பாராட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"உதென்ன கறுப்பு?"

பார்த்தேன். கண்ணாடிக்குள் போய்க்கொண்டிருந்த மணவறைகளின் கடைசியில், நடுவே, ஒரு கறுப்புச் சதுரம். கதிர் எட்டு முறை தெறித்தால் போதும் என்று எங்கள் மென்பொருளில் ஒரு எல்லை வைத்திருக்கிறோம். எட்டுக்குள் விளக்கைக் காணாத கதிர் வெறுங்கையோடு நிற்கும். வெறுங்கை என்றால் கறுப்பு. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் எட்டு தாராளம். யாரும் சமையலறையில் இரண்டு கண்ணாடியை ஒன்றையொன்று பார்க்க நிறுத்துவதில்லை. இதையெல்லாம் சொன்னேன்.

"எட்டோட நிப்பாட்டச் சொன்னது ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான்."

மச்சாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, பொம்பிளைக்கும் மாப்பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு கறுப்புக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அட்சதை போடச் சொல்கிறீரே என்றார். அந்தத் தாய் மனிசி இதைப் பார்த்தால் கண்ணாடி மட்டுமல்ல, கலியாணமே நிற்கும் என்றார்.

எட்டை அறுபத்துநாலு ஆக்கினேன். கணினியின் காற்றாடி இரையத் தொடங்கியது. என் கணவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, மேசையில் பிட்டு அவிக்கிறீரோ என்று கேட்டுவிட்டு, தன் அக்கா திரும்பிப் பார்த்ததும் போய்விட்டார். படம் மெல்ல மெல்ல வந்தது. அந்த நேரத்துக்குள் மச்சாள் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார், என் குசினித் தட்டுகளைத் துடைத்தார், சரக்குத்தூள் போத்தல்களைத் தன் விருப்பப்படி அடுக்கினார். மல்லித்தூளை நான் இன்றைக்கும் தேடித்தான் எடுக்கிறேன். பின்னேரம் மூன்று மணிக்குப் படம் முடிந்தது. கறுப்பு அநேகமாக இல்லை. மச்சாள் இரண்டு விரலால் திரையை விரித்து விரித்துப் பெரிதாக்கினார்.

"கதவு சின்னனாப் போச்சுது," என்றார். "ஆனா திறந்துதான் கிடக்கு."

எனக்கும் ரோசம் வந்துவிட்டது. எண்ணிக்கை எல்லையை முழுதாக எடுத்துவிட்டு, எங்கள் தொழிலில் உள்ள இன்னொரு முறையைப் போட்டேன். இதில் ஒவ்வொரு தெறிப்பிலும் கதிருக்கு ஒரு சீட்டுக் குலுக்கல். சீட்டு விழுந்தால் அந்தக் கதிர் அங்கேயே நிற்கும். தப்பிய கதிர், நின்றுபோன கதிர்களின் பங்கையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகும். மொத்தக் கணக்கில் வெளிச்சம் கூடாது, குறையாது. கறுப்புக் கதவும் வராது. இதை மச்சாளுக்குச் சொன்னபோது அவர் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நிண்டவையின்ர பாரத்தையும் போனவை தூக்கவேணும்," என்றார். "எங்கட ஆக்கள் மாதிரி."

தொண்ணூறுகளில், தன் இருபத்திரண்டாவது வயதில், குடும்பத்தில் முதல் ஆளாக இங்கே வந்து இறங்கியவர் அவர். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்தார். என் கணவரும் அப்படி வந்தவர்தான். அதற்குள் மிக்சரில் கச்சான் கடலை குறைவு என்று அவர் அடுத்த குறையைத் தொடங்கிவிட்டார்.

மூன்றாவது படத்தில் கறுப்பு இல்லை. பதிலாக, கண்ணாடிகளைச் சுற்றியும் பூக்களின் மேலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அதிகம் பாரம் சுமந்த ஓரிரு கதிர்கள் தற்செயலாக விளக்கில் போய் மோதினால், தூக்கி வந்ததையெல்லாம் ஒரே புள்ளியில் கொட்டிவிடும். இது பிழை, இன்னும் ஆறேழு மணித்தியாலம் ஓடவிட்டால் போய்விடும் என்று சொன்னேன். மச்சாள், சரி பாப்பம் என்றார். நான் தேத்தண்ணீர் போடப் போன நேரத்தில் திரையைத் தன் போனில் படம் எடுத்துவிட்டுத்தான் அஜக்ஸுக்குப் போனார் என்பது எனக்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளையின் தாயைச் சந்தித்தோம். பூசை முடிந்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தார். நான் புள்ளிகள் போன நல்ல படத்தோடு லப்ரொப்பைத் திறக்க முன்னர், மச்சாள் தன் போனை நீட்டிவிட்டார். அந்த அம்மா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"மின்மினி மாதிரிச் சின்னச் சின்ன லைற் போட்டிருக்கிறியள்," என்றார். "நல்ல வடிவாக் கிடக்கு. இப்பிடியே செய்யுங்கோ."

எங்கள் தொழிலிலும் அந்தப் பிழைக்கு மின்மினி என்றுதான் பெயர். அதை எடுத்துச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். மச்சாளின் செருப்பு என் கால்விரலின் மேல் ஏறி நின்றது.

"ஓம் அக்கா," என்றார் மச்சாள். "அது உங்களுக்கெண்டு விசேஷமாப் போட்டது."

திரும்பி வரும்போது காரில், பதினைந்து வருடமாக இந்தப் பிழையை ஒழிப்பதற்குத்தான் நான் வேலை செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஒழித்தது காணும், இனிப் பூவில கட்டிக் கொழுவும் என்றார்.

அப்படித்தான் கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், என் பிழைகளின் படத்தை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பூவில் எந்தப் பிழை விழுந்ததோ அந்தப் பூவில் ஒரு சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தேன். மச்சாள் ஏணியில் நின்று மேற்பார்வை செய்தார். இடது யானையின் காதில் இரண்டு புள்ளி இருக்கு, நீர் ஒன்றுதான் கட்டியிருக்கிறீர் என்றார். எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

போர்வையில் சுற்றி வந்த கண்ணாடிகளை நாலுபேர் தூக்கி நிறுத்தினார்கள். அவர்கள் போனபிறகு நான் இரண்டுக்கும் நடுவில் போய் நின்றேன். கணினியில் இதே இடத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன் என்பதால் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் இது வேறு. முதல் பிம்பம் தெளிவாக இருந்தது. மூன்றாவதில் என் மஞ்சள் சட்டை கொஞ்சம் பச்சையடித்தது. ஆறாவது, ஏழாவது எல்லாம் பாசிபிடித்த கேணித் தண்ணீருக்குள் நிற்பதுபோல இருந்தன. பதினைந்துக்குப் பிறகு எண்ண முடியவில்லை. கறுப்புக் கதவு எங்கேயும் இல்லை. எந்த இடத்தில் வெளிச்சம் நின்றது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, தானாக முடிந்துபோயிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் மென்பொருளில் கண்ணாடி என்பது வாங்கிய வெளிச்சம் முழுவதையும் அப்படியே திருப்பிக் கொடுக்கும். தொடக்கத்தில் எங்கள் மேலாளர் அவசரத்தில் அப்படி எழுதியது. பிறகு யாரும் தொடவில்லை. உண்மையான கண்ணாடி ஒவ்வொரு தடவையும் தனக்கென்று ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்கிறது. நான் களைக்காத கதிரை வைத்துக்கொண்டு, அதை எங்கே நிறுத்துவது என்று சனிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். நிறுத்தும் விதியில் அல்ல, கண்ணாடியில்தான் பிழை.

இதை ஏணிக்குக் கீழே போய் நின்று மச்சாளுக்குச் சொன்னேன். என் குரலில் கொஞ்சம் பதற்றம்கூட இருந்திருக்கும். அவர் கீழே பார்க்காமலே, கண்ணாடி பழசானால் முகம் மங்கலாய்த்தான் தெரியும், உதுக்குப் படிக்கவேணுமோ என்று கேட்டுவிட்டு, கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டினார். நான் பழசு புதுசைச் சொல்லவில்லை என்று விளக்க நினைத்து, கத்தரிக்கோலைக் கொடுத்தேன்.

கலியாணக் காலை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. மாப்பிள்ளையின் தாய் விளக்குகளைப் பார்த்துத் தலையாட்டினார். மணமகள் ஒத்திகைக்கு மேடையில் ஏறி இரண்டு பக்கமும் பார்த்து, "அன்ரி, இது நான் நினைச்சதைவிட பெட்டர்," என்றாள். மச்சாளின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதை அவர் உடனே அணைத்துவிட்டார். வேலை நேரத்தில் அவர் சிரிப்பதில்லை.

பிரச்சினை படம் எடுப்பவரால் வந்தது. நல்ல உயரமான, அகலமான மனிதர், கறுப்புக் கோட்டு. மாப்பிள்ளை வீட்டாரை மணவறைக்கு முன்னால் நிறுத்தி, மேடையின் பக்கத்தில் நின்று சில படங்கள் எடுத்தார். பிறகு கமராவின் சின்னத் திரையைப் பார்த்தார். திரும்பவும் எடுத்தார், திரும்பவும் பார்த்தார். பிறகு மச்சாளிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அன்ரி, எல்லா ஷொட்டிலயும் நான் நிக்கிறன்."

மணவறையில் தாலி கட்டுவதைக் கிட்ட எடுக்கவேண்டுமானால் மேடையின் பக்கத்தில்தான் நிற்கவேண்டும். பக்கத்தில் நின்றால் எதிரே எட்டடிக் கண்ணாடி. அதில் அவரும், அவருக்குப் பின்னால் அவரும், அதற்குப் பின்னால் இன்னொருவரும் என்று ஒரு பட்டாளமே கமராவோடு நின்றது. கணினியில் படம் போட்டபோது என் பார்வையை வைத்த அதே இடம்தான். எங்கள் மென்பொருளில் பார்க்கிறவருக்கு உடம்பு கிடையாது. அதனால் என் படத்தில் இது வரவில்லை. எனக்கும் இது தோன்றவே இல்லை.

மாப்பிள்ளையின் தாய் தூரத்திலிருந்தே ஏதோ சரியில்லை என்று கண்டுவிட்டார். ஐயர் ஓமகுண்டத்துக்குக் கற்பூரத்தை எடுத்து வைத்துவிட்டு நேரத்தைப் பார்த்தார். மச்சாள் கண்ணாடியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் பகிடி இல்லை. என்னோடு பழகிய இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் என்னிடம் உதவியென்று ஒன்றைக் கேட்டார்.

"உமக்குத்தானே உது தெரியும். எப்பிடி நிப்பாட்டுறது?"

என் மூளை முதலில் எட்டு என்றது, பிறகு அறுபத்துநாலு என்றது. இரண்டும் இந்த மண்டபத்தில் செல்லாது. படம் எடுப்பவர் நின்ற இடத்தில் போய் நின்றேன். என் கண்ணிலிருந்து ஒரு கதிர் கண்ணாடிக்குப் போய் நேராக என் முகத்துக்கே திரும்பி வந்தது. நேராகத் திரும்புவதால்தான் இந்தக் கரைச்சல். கண்ணாடி கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் கதிர் மேலே போகும். அங்கே முகட்டில் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது.

கண்ணாடிச் சட்டத்தின் முன்பக்கத்துக்குக் கீழே இரண்டு விரல் தடிப்புக்கு ஏதாவது வைக்கவேண்டும் என்று சொன்னேன். மச்சாள் ஏன் என்று கேட்கவில்லை. சேலை வந்த மட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, நாலாக எட்டாக மடித்தார். மாப்பிள்ளையின் மாமன்மார் இரண்டுபேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டத்தைத் தூக்க, மச்சாள் குனிந்து மட்டையைச் செருகினார். பிறகு கண்ணாடி விழாமல் பின்பக்கத் தூணோடு கம்பி போட்டு இறுக்கினார். மற்றதற்கும் அப்படியே.

படம் எடுப்பவர் கமராவைக் கண்ணில் வைத்தார். கண்ணாடியில் பூக்கள், விளக்குகள், முகட்டுத் துணி. அவர் இல்லை. கட்டைவிரலைக் காட்டினார். ஐயர் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

மணமகள் ஆசைப்பட்ட முடிவில்லாத வரிசையும் அத்தோடு முடிந்தது. சாய்ந்த கண்ணாடிகளில் பிம்பங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி, நாலாவதிலேயே முகட்டுக்குப் போய்விட்டன. கூறைச்சேலையில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு அது தெரிந்ததா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. மாப்பிள்ளை ஏதோ சொல்ல, தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுப் பந்தியில் மச்சாள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார். அவரிடமிருந்து வடை என்பது பெரிய விஷயம் என்று என் கணவர் பின்னர் எனக்கு விளக்கினார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மேலாளரிடம் கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருடமாக யாரும் முறையிடவில்லையே என்று முதலில் கொஞ்சம் முகத்தைத் தூக்கினார். அது அவர் கையால் எழுதிய கண்ணாடி. மண்டபத்தில் என் போனில் எடுத்த பச்சை பிம்பங்களைக் காட்டியதும் இறங்கி வந்தார். இப்போது எங்கள் கண்ணாடி ஒவ்வொரு தெறிப்பிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. கதிரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, நிறைய இருந்தால் போகவிடுகிறோம், குறைந்துபோனால் மட்டும் சீட்டுக் குலுக்குகிறோம். எண்ணிக்கை எல்லை ஒரு காவலுக்காக எங்கோ தூரத்தில் நிற்கிறது. மச்சாளின் மணவறையை அதில் போட்டுப் பார்த்தேன். கறுப்பு இல்லை, மின்மினி அநேகமாக இல்லை, பிட்டு அவிக்கும் நேரத்தில் பாதிகூட எடுக்கவில்லை. இந்தக் குறையைக் கண்டுபிடித்த வாடிக்கையாளர் யார் என்று மேலாளர் கேட்டார். அஜக்ஸில் ஒருவர், திருப்திப்படுத்துவது கடினம் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளையின் தாய் எங்கள் இருவரையும் தேத்தண்ணீருக்கு அழைத்தார். வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே ஒரு பெரிய படம், தங்கநிறச் சட்டம் போட்டுத் தொங்கியது. மட்டை வைப்பதற்கு முன் எடுத்த படம். அவர் மணவறைக்கு முன்னால் கம்பீரமாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் கண்ணாடியில் படம் எடுப்பவரின் முழங்கை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, போகப்போகப் பச்சையாக. எடுத்த படங்களுக்குள் தன் முகம் நன்றாக விழுந்தது இது ஒன்றுதான் என்று சொன்னார். உண்மையும் அதுதான்.

மிகவும் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேன். மச்சாள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, உதடு மெல்ல அசைய, முழங்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்பினால் சிரித்துவிடுவேன் என்று தெரிந்ததால், நான் பயற்றம்பணியாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.